விவேகமும் விவேக பாவனையும்

தமிழில் விவேகத்துக்கென்று ஒரு வேஷம் இருக்கிறது. நரைத்த தலை, சற்றே கூன், கையில் கோல், நெற்றி நிறையத் திருநீறு. 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் கே. பி. சுந்தராம்பாள் இந்த வேஷத்தில்தான் வந்தார். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் நிறுத்தப்பட்ட சிலையும் இதே கிழவிதான். இதில் விசேஷம் என்னவென்றால், கதையிலேயேகூட முதுமை அவளுக்குத் தானாக வந்ததல்ல. கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. நரையைக் கண்டதும் ஊர் அவள் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. நரைத்ததற்கும் அறிந்ததற்கும் இடையில் அவளுக்கு நாட்கள் கழிந்தனவா என்று கதை சொல்வதில்லை. நமக்கும் அது தேவைப்பட்டதில்லை.

புறநானூற்று ஔவை வேறு ஆள். ஆத்திசூடி பாடியவள் பல நூற்றாண்டுகள் பிந்தியவள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லி நாளாகிவிட்டது. ஔவை என்பதை ஒருத்தியின் பெயர் என்பதைவிடப் பலர் மாறி மாறிப் போர்த்திக்கொண்ட போர்வை என்று சொல்வதே பொருத்தம். சங்க ஔவை அதியமானோடு கள் பகிர்ந்து குடித்தவள். அவன் செத்தபோது அந்தக் கள்ளையும் நினைத்து அழுதவள். 89-ம் பாட்டில் பகையரசன் கேள்வி கேட்கும் விறலி, நகை அணிந்தவள், மை தீட்டிய கண்ணினள், அவளேதான் என்று கொள்பவர்கள் உண்டு. இவளைப் படமெடுக்கவோ சிலை வைக்கவோ நமக்குத் தோன்றவில்லை. பொன்மொழி பேசாத ஒருத்தியின் விவேகத்தை நாம் எதைக் கொண்டு அடையாளம் காண்பது?

95-ம் பாட்டை எடுத்துக்கொள்வோம். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போகிறாள். அவன் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டுகிறான். அவள் செய்வதெல்லாம், பார்த்ததைச் சொல்வது. இங்கே இருப்பவற்றுக்கு மயில் பீலி சூட்டியிருக்கிறது, மாலை போட்டிருக்கிறது, நெய் பூசியிருக்கிறது, காவல் வேறு. அங்கே அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று ஒரு அணியின் பெயர் சொல்லி முடித்துவிடுவார்கள். அணி என்று சொன்னதும் அது சாமர்த்தியமாகிவிடுகிறது. எனக்குப் படுவது வேறு. போரின் கேடு பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அமைதியின் மேன்மை பற்றியும் பேசவில்லை. அந்த இடத்தில் தூதுவருக்கு என்ன பேச உரிமை உண்டோ அதற்குள் நின்று, இரண்டு கொட்டில்களில் இருக்கும் இரும்பின் நிலையை மட்டும் சொல்கிறாள். பளபளப்பு என்பது உபயோகமற்றிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதை அவள் ஒரு தத்துவமாகப் பிரித்தெடுத்து நம் கையில் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நாம் அதைக் காலண்டரில் போட்டிருப்போம்.

பிந்தைய ஔவையிடம் வருவோம். கொடியது எது என்று முருகன் கேட்க அவள் பதில் சொல்வதாக ஒரு தனிப்பாடல் இருக்கிறது. சினிமா வழியாகவும் மேடை வழியாகவும் தமிழன் ஒவ்வொருவன் காதிலும் விழுந்தது. அதன் அமைப்பு ஒரு ஏணி. வறுமை கொடியது என்று ஆரம்பிக்கிறது. இளமையில் வறுமை அதனினும் கொடியது. தீராத நோய் அதற்கு மேலே. அன்பில்லாத பெண் அதற்கும் மேலே. எல்லாவற்றுக்கும் உச்சியில், அவள் கையால் வாங்கிச் சாப்பிடுவது. கேட்கும்போது தலை ஆடுகிறது. ஏணிப்படிகளைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தால்தான், தீராத நோயில் கிடப்பவனைவிட முகம் சுளித்துப் பரிமாறும் மனைவியை உடையவன் பாவம் என்று நாம் ஒப்புக்கொண்டிருப்பது தெரியும். வறுமையோ கடைசிப் படியில் கிடக்கிறது. யாருடைய வறுமை, என்ன சாப்பிட்டார்கள், எத்தனை நாள், ஒன்றும் கிடையாது. ‘அதனினும்’ என்ற சொல் மேலே மேலே ஏறும் ஓசையை நாம் சிந்தனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். இது விடுகதைக்குரிய சாதுரியம். அந்த அளவில் ரசிக்கவும் செய்யலாம். விவேகம் என்ற ஸ்தானத்தை இதற்குக் கொடுத்ததுதான் பிசகு. கேள்வி கேட்டவன் கடவுள், பதில் சொன்னவள் கிழவி என்ற ஏற்பாட்டை எடுத்துவிட்டால் பாட்டில் நிற்பது குறைவு.

வறுமையும் ஒரு பெண் கையால் உண்பதும் சேர்ந்து வரும் இன்னொரு இடம் தமிழில் உண்டு. அதைப் பொன்மொழியாக்க இதுவரை எவராலும் முடியவில்லை. சிறுபாணாற்றுப்படையின் நடுவில் வருகிறது. எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்பது மரக்காணத்துக்கு வடக்கே, கழிக்கும் கடலுக்கும் நடுவில் நீளும் மணல்பட்டை. இன்றும் அந்தப் பெயர்தான். பாணனை நல்லியக்கோடனிடம் வழி அனுப்பும்போது அவர் சொல்லும் முதல் ஊர் எயிற்பட்டினம். அது மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்லிவருகிறார்கள். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள் படுத்துத் தூங்கும் ஒட்டகம்போல் கிடக்கின்றன என்பார். பரதவப் பெண் அவற்றை விறகாக்கிக் கள் காய்ச்சுவாள். வாசனை மரம் அடுப்பில் எரிகிறதே என்று கவிஞர் அங்கலாய்ப்பதில்லை. அந்தக் கரையில் அது விறகு. ஒரு பொருளின் மதிப்பை அது இருக்கும் இடத்திலிருந்து பார்க்கிற கண் இது. உப்பு விளைகிற கரைக்காரர் இவர் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போக வேண்டும்.

பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் தன் பழைய நிலையைச் சொல்கிறான். ஒரு சமையற்கட்டு. நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத, காது தொங்கும் குட்டிகள் பால் இல்லாத மடியை இழுக்கப் பொறுக்காமல் தாய் நாய் குரைக்கிறது. சுவர் இற்றுவிட்டது, கறையான் அரித்த புழுதியில் காளான் முளைத்திருக்கிறது. இடை ஒடுங்கிய கிணைமகள், வளையல் போட்ட கையால், நகத்தால் கிள்ளி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொண்டுவந்து வேகவைக்கிறாள். உப்பு இல்லை. வெந்ததும் கதவைச் சாத்துகிறாள், மடவோர் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கத்தில். பிறகு பெரிய சுற்றத்தோடு சேர்ந்து உட்கார்ந்து அதைத் தின்கிறார்கள்.

உப்பில்லாக் கீரை நத்தத்தனாருடைய கண்டுபிடிப்பு அல்ல. புறநானூறு 159-ல் பெருஞ்சித்திரனாரிடமும் இருக்கிறது, உப்புமில்லை, மோருமில்லை. அடுப்பில் காளான் பூத்திருப்பதும் 164-ல் பெருந்தலைச் சாத்தனாரிடம் உண்டு. வறுமைப் பாட்டின் பொதுச்சொத்து இவை. நத்தத்தனாருக்கே உரியது அந்தக் கதவு. ‘மடவோர்’ என்ற சொல்லைப் பழைய உரை, வறுமை வருவதும் உலகத்து இயல்பு என்று அறியாத புறங்கூறுவோர் என்ற கருத்தில் விரிக்கிறது. அறிவற்றவர் யார் என்பதற்கு நான் தமிழில் படித்த வரையறைகளில் இதைவிடத் துல்லியமானது இல்லை. எழுத்தறியாதவர் அல்ல, நூல் கல்லாதவர் அல்ல. இன்னொருவனுக்கு நேர்ந்தது தனக்கும் நேரக்கூடியது என்று தெரியாதவர். இந்த வரையறை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். உபதேசத்தில் அல்ல, ஒரு பெண் எதற்காகக் கதவைச் சாத்தினாள் என்பதற்குள். அவளுடைய வெட்கத்தைக் கவிஞர் கண்டிக்கவில்லை, வறுமை வெட்கப்படத் தக்கதல்ல என்று அவளுக்குப் புத்தி சொல்லவும் இல்லை. அப்படிச் சொல்வது எவ்வளவு சுலபம், எவ்வளவு கௌரவமாகவும் இருந்திருக்கும். அவர் அவளோடு சேர்ந்து உள்ளே இருந்துகொண்டு கதவைச் சாத்திவிடுகிறார். சாத்திய கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு ஒரே ஒரு சொல். மேலே சொன்ன ஏணியின் உச்சிப்படியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஆண் ஒருவன் தனக்குப் பரிமாறும் கையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறான். இங்கே கை தெரிகிறது, வளையல் தெரிகிறது, நகம் தெரிகிறது.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை இந்தக் கடற்கரையில் இருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்ததும் அளத்தில் வேலை நின்றுவிடும். தை பிறந்து, பாத்தி திருத்தி, மறுபடியும் உப்பு வாருகிறவரை கூலி கிடையாது. அந்த மாதங்களில் நகைக்கடன் கவுண்டருக்கு எதிரே பெஞ்சு நிறைந்திருக்கும். தோட்டைக் கழற்றுகிறவர்கள் எங்களைப் பார்த்துக் கழற்றுவதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கழற்றுகிறார்கள். வெறும் துளையில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டபிறகுதான் திரும்புகிறார்கள். அந்தச் சுவரில் தினசரிக் காலண்டர். தேதிக்குக் கீழே சிக்கனத்தைப் பற்றியோ கடன்படாமையைப் பற்றியோ ஒரு பொன்மொழி இருக்கும். பொன்மொழியில் பிழை கிடையாது. அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. உப்பளத்தைப் பற்றி எழுத ஆரம்பித்த எந்தப் படித்தவனுக்கும் உடனே அங்கே ஒரு ஞானி கிடைத்துவிடுவார். விஷயம் இதுதான்: கடல் நீர் போமே மானியில் 3 டிகிரி சுமாரில் இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து 25-ஐத் தொடும்போது உப்பு இறங்கத் தொடங்கும். 30-ஐ நெருங்கும் முன் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். பார்வைக்கு அதுவும் வெள்ளைதான். பழகினவர்கள் மானி இல்லாமலே நீரின் நிறத்தையும் கனத்தையும் கொண்டு சொல்லிவிடுவார்கள். இதைக் கேட்டதும் உவமை எழுதக் கை துறுதுறுக்கிறது. விட்டுவிட வேண்டிய நேரம் அறிவதே ஞானம் என்று ஒரு வரி, கிட்டத்தட்டத் தானாகவே எழுதிக்கொள்கிறது. ஆனால் பாத்தியில் நிற்கிறவருக்கு அது தொழில். வெயிலில் கால் வெடிக்க, கண் கூச, ஒரு பருவம் முழுக்கச் செய்த தொழில். அவரை ஞானியாக்குவது, அவருடைய கூலியைப் பற்றிப் பேசாமலிருக்க நாம் கண்டுபிடித்த மரியாதையான வழி. ஔவைக்கு நரையை ஒட்டவைத்தது போலவே இவருக்குக் கல்லாமையை ஒட்டவைக்கிறோம். வேஷம் மாறியிருக்கிறது, வேஷம் கட்டும் பழக்கம் மாறவில்லை.

தற்கால எழுத்தில் இந்த இரண்டும், விவேகமும் பாவனையும், ஒரே கதைக்குள் பக்கம் பக்கமாகக் கிடைப்பது ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேச’த்தில். 1966-ல் ஆனந்த விகடனில் வந்து ஏகப்பட்ட கூச்சலைக் கிளப்பியது. கூச்சலிட்டவர்களும் ஆதரித்தவர்களும் ஒன்றுபோல அந்தத் தாயின் பேச்சைப் பற்றியே சண்டை போட்டார்கள் என்று நினைக்கிறேன். மழையில் நனைந்து, கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகள் நடந்ததைச் சொல்கிறாள். தாய் அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்ததும், இப்படி மழையில் தொப்பலாக நனைந்து வந்திருக்கிறாளே என்று ஏதோ சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். கதையின் விவேகம் எனக்கு அந்தப் பொய்யில் இருக்கிறது. நடந்தது இன்னதென்று முழுக்கப் புரிந்துகொள்வதற்கு முன்பே, யார் பார்க்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கிணைமகள் சாத்திய அதே கதவு. அதன்பின் தண்ணீர் ஊற்றுவதும் பேச்சில்லாமலே புரிகிற காரியம். ஜெயகாந்தன் அதோடு நிற்கமாட்டார். இது தண்ணீரல்ல நெருப்பு என்றும், அகலிகை என்றும், மனசு சுத்தமென்றும் தாயைப் பேசவைக்கிறார். பேச்சில் தவறு ஒன்றுமில்லை, தவறில்லாமலிருப்பதுதான் சங்கடம். மகளிடம் பேசுகிறவள் அவள். கேட்கிற காது வாசகனுடையது. தாயின் நாக்கில் ஆசிரியரின் முன்னுரை ஏறிக்கொள்கிறது.

இதை ஜெயகாந்தனே உணர்ந்திருக்க வேண்டும். ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளில் அவர் இந்தக் கதையை, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளன் எழுதிய கதையாக உள்ளே வைத்துவிட்டு, கங்காவின் நிஜத் தாய் அப்படி நடந்துகொள்ளவில்லை என்கிறார். அவள் அலறிவிட்டாள், கதவு திறந்துவிட்டது, ஊர் அறிந்துவிட்டது, மகளின் வாழ்க்கை அந்த அலறலின் திசையில் போய்விட்டது. தன் கதையில் விவேகமென்று கைதட்டப்பட்டதை அவரே எடுத்து, அது இல்லாத வீட்டில் என்ன ஆகிறது என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார். 1972-ல் அகாதெமி பரிசு கிடைத்தது என்பதற்காக அல்ல, இந்தச் சுயசோதனைக்காகவே அந்த நாவலை நாம் இன்னும் படிக்க வேண்டும். பாவனையின் பக்கம் அடிக்கடி சாய்கிற ஒரு எழுத்தாளரிடம் இது நிகழ்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். விவேகம் எழுத்தாளனின் குணமாக இருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் இருக்கிறது, அடுத்த பக்கத்தில் இல்லாமல் போகிறது.

நமது சிறுபத்திரிகைக்காரர்கள் பொன்மொழியைக் கேலி செய்வதில் தேர்ந்தவர்கள். கைபேசியில் காலையில் வந்து விழும் படங்களை, புத்தர் சொல்லாத புத்தர் வாக்கை, கலாம் சொல்லாத கலாம் வாக்கை, சிரித்துத் தள்ளிவிடுவோம். யார் யார் வாய்க் கேட்டாலும் பொருளைப் பார்க்கச் சொல்கிற குறளையே வள்ளுவர் சொன்னார் என்ற அதிகாரத்துக்காக மேற்கோள் காட்டுகிற மேடைப் பேச்சாளரையும் நமக்குத் தெரியும். ஆனால் நம் பாவனை நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் நமது வேஷம் மௌனம். மௌனியைப் புதுமைப்பித்தன் சிறுகதையின் திருமூலர் என்று சொல்லி வைத்தார். அவர் என்ன உத்தேசத்தில் சொன்னாரோ, அந்தப் பட்டத்துக்குப் பிறகு மௌனியின் வாக்கியங்களைப் படிப்பது நின்று, அவற்றுக்குப் பின்னால் ஏதோ இருப்பதாக வணங்குவது ஆரம்பித்தது. புரியாமலிருப்பது ஆழமென்று ஆயிற்று. குறைவாக எழுதுவது தவமென்று ஆயிற்று. மௌனியின் சில கதைகள் நிஜமாகவே தடுமாறுகின்றன, சில வாக்கியங்கள் இலக்கணத்தோடு மல்லுக்கு நிற்கின்றன. அந்தத் தடுமாற்றத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. திருமூலரிடம் அதைச் செய்ய முடியாது, மௌனியிடம் முடியும்.

கவிதையில் இது கடைசி வரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு மின்கம்பியில் காக்கை இருக்கும். அல்லது பாட்டியின் காலி நாற்காலி, அல்லது மழை நின்ற முற்றம். ஏழெட்டு வரி நன்றாகவே பார்த்திருப்பார் கவிஞர். ஒன்பதாவது வரியில் அவருக்குப் பயம் வந்துவிடும், பார்த்தது போதாதோ என்று. உடனே இருப்பு, இன்மை, காலம் என்று ஏதாவது ஒன்று வந்து கவிதையைத் தாழ்ப்பாள் போடும். காக்கை அந்த வரிக்கு உதாரணமாகிவிடும். நத்தத்தனாரின் நாயை நினைத்துக்கொள்கிறேன். மடியில் பால் இல்லை, குட்டி இழுக்கிறது, பொறுக்க முடியவில்லை, குரைக்கிறது. யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்பதுகூடச் சொல்லப்படவில்லை. தாய்மை, பசி, சிருஷ்டியின் கொடுமை என்று எத்தனை கடைசி வரிகள் அந்த இடத்தில் அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் சமையற்கட்டின் சுவரைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த இதழுக்கு வரும் கவிதைகளைத் தேர்வு செய்யும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. கடைசி வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். நான் சென்ற சில இதழ்களை அப்படிப் படித்தேன். சில கவிதைகள் மறைத்த பிறகு தேறின. சிலவற்றில் விரலுக்கு மேலே ஒன்றுமே இல்லை. இரண்டொரு கவிதைகளில் எந்த வரி கடைசி வரி என்று கண்டுபிடிக்கப் பக்கத்தின் அடியைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த இரண்டொன்றை எழுதியவர்கள் யாரென்று ஆசிரியரிடம் கேட்டேன். ஒருவர் இதுவரை அந்த ஒன்றை மட்டும்தான் அனுப்பியிருக்கிறாராம்.